புடைப்புத் தகட்டு வேலை: ஓர் இல்லக் கைவினையின் நுட்பமும் சமூக நிலையும்

சிகரட் பெட்டியினுள் இருக்கும் வெள்ளித்தாளை ஒரு நாணயத்தின் மேல் விரித்து, நகத்தினால் அழுத்தித் தேய்த்து, நாணயத்தின் உருவை அத்தாளிற் பெற்று மகிழாத சிறுவர் நம்மிடையே மிகச் சிலரே. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு வந்த அலுமினியத் தாளும், பால்மா ரின்னின் வாயை மூடியிருக்கும் தகடும் இதே விளையாட்டுக்குப் பயன்பட்டன. இவ்விளையாட்டில் ஒரு பழந்தொழிலின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது. மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கத்தை அழுத்த, மறுபக்கத்தில் உருவம் எழுகின்றது. எழுந்த உருவம் அழுத்தம் நீங்கிய பின்னரும் நிலைத்து நிற்கின்றது. காகிதத்துக்கும் துணிக்கும் இல்லாத இவ்வியல்பு உலோகத்துக்கு எங்ஙனம் வாய்த்தது என்னும் வினாவும், இவ்வியல்பைப் பயன்படுத்தி உழைத்தவர் யாவர், பொழுதுபோக்கியவர் யாவர் என்னும் வினாவும் சேர்த்து நோக்கற்பாலன. கைவினை நூல்கள் முதல் வினாவை அரைகுறையாகத் தொட்டு, இரண்டாவதைத் தொடாமலே விட்டுவிடுவது வழக்கம்.

செதுக்கு வேலைக்கும் புடைப்பு வேலைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்தல் வேண்டும். செதுக்குபவன் உலோகத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்குகின்றான். புடைப்பு வேலையில் எதுவும் நீக்கப்படுவதில்லை. இருந்த உலோகமே இடம்பெயர்ந்து மேடும் பள்ளமுமாகின்றது. வார்ப்பில் உலோகம் உருகித் திரவமாகின்றது. இங்கு அது உருகுவதுமில்லை. தமிழிற் கம்மியர் இதனை ‘நகாசு’ என்பர். இச்சொல் பாரசீக வழியாக நம்மை வந்தடைந்தது. ஆனால் தொழில் அச்சொல்லினும் மிகப் பழையது. 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாந்தர் றீ என்பார் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள், நெற்றியிற் கட்டுதற்குரிய பொற்பட்டங்கள் சில இருந்தன. நீள்வட்ட வடிவான மிக மெல்லிய பொற்றகட்டிற் புள்ளிகளை வரிசையாகக் குற்றிக் கோடுகளும் முக்கோணங்களும் ஆக்கப்பட்டுள்ளன. கூர்மழுங்கிய ஒரு முனையும் நிதானமான ஒரு கையும் இருந்தாற் போதும், இதனைச் செய்யலாம். இன்று வீட்டு மேசையில் அலுமினியத் தகட்டின் மேற் புள்ளி குற்றுபவர் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே.

இனி, உலோகம் ஏன் இணங்குகின்றது என்பதை நோக்குவோம். உலோகத்தினுள் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்துள்ளன. விசை ஏற்படும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் வழுக்கி நகரக்கூடும். நகர்ந்தபின் புதிய இடத்திலும் அணுக்கள் முன்போலவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எனவே வடிவம் மாறுகின்றது, தகடு உடைவதில்லை. ஆயின் ஓர் அடுக்கு முழுவதும் ஒரே கணத்தில் நகர்வதில்லை. அடுக்குகளின் ஒழுங்கில் ஆங்காங்கே உள்ள குறைபாடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து செல்வதனாலேயே நகர்வு நிகழ்கின்றது. பெரிய பாயொன்றைத் தரையில் இழுப்பது கடினம். அதில் ஒரு சிறு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பைத் தள்ளிச் சென்றாற் பாய் இலகுவாக நகர்ந்துவிடும். அம்மடிப்பைப் போன்றவையே உலோகத்தின் உட்குறைபாடுகள். குறைபாடற்ற உலோகம் கைக்கு இணங்காது என்பது இத்தொழிலின் சுவையான முரண்களுள் ஒன்று.

ஆனால் அழுத்த அழுத்தக் குறைபாடுகள் பெருகி, ஒன்றையொன்று சிக்கி, நகரமுடியாத நிலையை அடைகின்றன. தகடு விறைக்கின்றது. செப்புக் கம்பி ஒன்றை வளைத்துவிட்டு மீண்டும் நேராக்க முயல்பவர் இதனை உடனே உணர்வர். முன்பு வளைந்த இடம் நேராகாது. அதன் பக்கத்திற் புதிதாக ஒரு வளைவு தோன்றும். முதல் வளைவில் உலோகம் கடினமாகிவிட்டமையே காரணம். விறைத்த தகட்டை மேலும் வற்புறுத்தினால் அது கிழியும். இதற்குக் கம்மியர் கண்ட பரிகாரம் தீயாகும். செம்பை இருட்டறையில் மங்கிய செந்நிறம் தெரியுமளவுக்கு, அஃதாவது சுமார் 500 முதல் 600 பாகை சென்ரிகிறேட் வரை, சூடாக்கினால் சிக்குண்ட அமைப்புக் கலைந்து புதிய பளிங்குகள் வளர்கின்றன. தகடு பழைய மென்மையைப் பெறுகின்றது. உருக்கைப் போலன்றிச் செம்பைச் சூட்டோடு நீரில் அமிழ்த்தினாலும் அது கடினமாவதில்லை. அலுமினியத்தில் ஓர் இடையூறு உண்டு. அது 660 பாகையில் உருகிவிடும். உருகுமுன் கண்ணுக்குப் புலப்படும் செந்நிறத்தை அது காட்டுவதில்லை. சற்றுமுன்வரை திடமாக இருந்த தகடு திடீரெனச் சரிந்து விழுவதைக் கண்டு திகைத்தவர் பலர். இதற்குச் சவர்க்காரம் உதவுகின்றது. தகட்டின் மேற் சவர்க்காரத்தைப் பூசி, கீழிருந்து மெல்லச் சூடாக்க, சவர்க்காரம் கரும்பழுப்பாக மாறும் வேளையில் அலுமினியம் மென்மையாகியிருக்கும். அத்துடன் நெருப்பை விலக்கிவிட வேண்டும். வெப்பமானியின்றி வெப்பநிலையை அறிவதற்கு இதனிலும் மலிவான வழி இல்லை.

எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. கைவினை நூல்கள் இதனைக் கூறுவதில்லையாதலால் இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். தகட்டின் ஓரம் அசையாதிருக்க, நடுவில் ஒரு வட்டத்தைக் குமிழாக எழுப்புவதாகக் கொள்வோம். வட்டத்தின் ஆரை a, குமிழின் உயரம் h எனின், தட்டையாக இருந்த பரப்புக்கும் குமிழின் பரப்புக்கும் உள்ள விகிதம் 1 : 1 + (h/a)² ஆகும். உலோகத்தின் கனவளவு மாறாதாகையாற் பரப்புக் கூடிய அளவுக்குத் தடிப்புக் குறைதல் வேண்டும். உயரம் ஆரையின் பாதியெனின் பரப்பு 1.25 மடங்காகின்றது, 0.1 மில்லிமீற்றர்த் தகடு சராசரி 0.08 மில்லிமீற்றராக மெலிகின்றது. உயரம் ஆரைக்குச் சமனாகி முழு அரைக்கோளம் எழும்போது பரப்பு இரட்டிக்கின்றது, தடிப்புப் பாதியாகின்றது. இதுவும் சராசரியே, உச்சியில் மெலிவு இன்னும் அதிகம். தகடுகள் எப்போதும் மூக்கின் நுனியிலும் பழத்தின் முகட்டிலும் கிழிவதேன் என்பது இப்போது விளங்கும். யானையின் மத்தகத்தை விடத் துதிக்கை வளைவே தொல்லை தருவது. உயரத்தை மிகுவிக்க விரும்புபவர் இருமுறை மும்முறை சூடாக்கி ஆற்றி, சிறிது சிறிதாக ஏறவேண்டும். அல்லது, உயரத்தைக் கூட்டாமல் சுற்றியுள்ள தளத்தைத் தாழ்த்திக் கண்ணை ஏமாற்றவேண்டும். தேர்ந்த கம்மியர் பெரும்பாலும் இரண்டாவதையே செய்வர்.

வீட்டிற் செய்யும் முறை எளியது. சமையலறையில் உணவு பொதியும் அலுமினியத் தாள் 0.015 மில்லிமீற்றர் அளவிலான தடிப்பே உடையது. அது அழுத்தந் தாங்காது. 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர் வரையிலான செப்பு, பித்தளை, அலுமினியத் தகடுகளே உகந்தவை. குளிர்பானக் குவளையின் சுவரும் 0.1 மில்லிமீற்றர் அளவினதே. ஆயினும் அது மங்கனீசு கலந்து, இழுத்து நீட்டி விறைப்பாக்கப்பட்ட கலப்புலோகம். அதனை அப்படியே எடுத்து வேலை செய்வோர் தகடு துள்ளித் திரும்புவதாக முறையிடுவர். முன்கூறியவாறு சூடாக்கினால் அது இணங்கும். அப்போது அதன் பூச்சு எரிந்து நச்சுப்புகை எழுமாதலால் வெட்டவெளியிற் செய்தல் அவசியம்.

தாளில் வரைந்த சித்திரத்தைத் தகட்டின் மேல் ஒட்டி, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால் முன்புறத்தில் எல்லைக்கோடுகளைப் பதித்தல் முதற்படி. பின்பு தகட்டைத் திருப்பி, பழைய பத்திரிகைத் தாள்களை அடுக்கிய மெத்தையிலோ இறப்பர்த் துண்டிலோ வைத்து, மழுங்கிய மரக்குச்சியாற் கோடுகளின் உட்பகுதியை அழுத்தவேண்டும். ஒரே இடத்தை ஊன்றி அழுத்தலாகாது. நெல் காயவைத்த பாயிற் கைவிரல்களால் துழாவுவது போலப் பரவலாக, பலமுறை தேய்த்தல் வேண்டும். மீண்டும் திருப்பிக் கண்ணாடியின் மேல் வைத்துத் தளத்தைத் தட்டையாக்கினால் உருவம் எழுந்து நிற்கும். இவ்வாறு பின்னும் முன்னுமாகத் திருப்பித் திருப்பிச் செய்வதே தொழிலின் சாரம். இறுதியாகப் பின்புறப் பள்ளங்களை மெழுகினாலோ வேறு பசையினாலோ நிரப்பினால், எழுந்த பகுதி விரல்பட்டு நசுங்காது. தொழில்முறைக் கம்மியர் இம்மெத்தைக்குப் பதிலாக அரக்கைப் பயன்படுத்துவர். குங்கிலியம், செங்கற்பொடி, சிறிது எண்ணெய் ஆகியன சேர்ந்த கலவை அது. அடிக்கும் இடத்தில் இணங்கி, அடிபடாத இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் இயல்பு அதற்குண்டு. குச்சிக்குப் பதில் உளிகளும் சிறு சுத்தியலும் வரும். கைவினையாளர் வீட்டுக்கும் கம்மியர் பட்டறைக்கும் இடையிலுள்ள தொழில்நுட்ப வேறுபாடு இவ்வளவே. மற்ற வேறுபாடுகள் தொழில்நுட்பத்தைச் சார்ந்தன அல்ல. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

நிறமூட்டலில் மூன்று வேறு தத்துவங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, நிறப்பொருளே இல்லாமல் தோன்றும் நிறம். துப்புரவான செப்புத் தகட்டை மெல்லிய சுவாலையின் மேல் ஆட்டிக்கொண்டிருந்தால் செம்மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பின்பு வெள்ளிபோல வெளிறி, மீண்டும் பொன்னிறம் காட்டும். செம்பின் மேல் வளரும் ஒட்சைட்டுப் படலத்தின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியும் சந்திக்கும்போது சில அலைநீளங்கள் வலுவிழக்கின்றன, எஞ்சியவை நிறமாகின்றன. முதல் நிறங்கள் தோன்றும்போது படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் எட்டியிராது. மழைநாளில் வீதியிற் சிந்திய எண்ணெயின் வானவில்லும் இதே வகையினது. விரும்பிய நிறம் தோன்றிய கணத்தில் நெருப்பை அகற்றத் தெரிவதே இங்குத் திறமை. ஒரு நொடி தாமதித்தால் நிறம் அடுத்ததற்கு ஓடிவிடும். ஓடியதைத் திருப்பியழைக்க வழியில்லை. புளியிட்டுத் தேய்த்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் ஒட்சைட்டைக் கரைத்துவிடுகின்றது. குத்துவிளக்குத் துலக்கும் நம் பெண்கள் இவ்விரசாயனத்தை நெடுங்காலமாக அறிவர்.

இரண்டாவது, உலோகமே வேறொரு சேர்வையாக மாறுவதால் வரும் நிறம். கந்தகச் சேர்வைகள் செம்பையும் வெள்ளியையும் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாற்றுகின்றன. பொற்றாசியத்தின் சல்பைட்டுக்கள் அடங்கிய கரைசலில் தோய்ப்பது பட்டறை முறை. வீட்டில் அவித்த முட்டையை நசுக்கித் தகட்டோடு ஒரு மூடிய பெட்டியில் வைத்தாற் போதும். முட்டையிலிருந்து வெளியேறும் ஐதரசன் சல்பைட்டு மெல்ல வேலையைச் செய்யும். பின்பு மேடுகளை மட்டும் மெருகிட்டால் அவை ஒளிவிடும், பள்ளங்கள் இருண்டிருக்கும். புடைப்பின் உயரம் இருமடங்கானது போலத் தோன்றும். உப்பும் அமோனியா ஆவியும் செம்பில் நீலப்பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பு நஞ்சாதலால், அவ்வாறு நிறமூட்டிய பாத்திரத்தை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது முறை அலுமினியத்துக்குரியது. அலுமினியத்தின் ஒட்சைட்டு நிறமற்றது. ஆதலால் தீயும் கந்தகமும் அதனிடம் தோற்றுவிடுகின்றன. தொழிற்சாலைகளில் அதனை ஐதான சல்பூரிக்கமிலத்தில் அனோட்டாக வைத்து மின்செலுத்தி, நுண்துளைகள் நிறைந்த தடித்த ஒட்சைட்டுப் படையை வளர்த்து, துளைகளிற் சாயத்தை ஏற்றி, கொதிநீரில் துளைகளை அடைத்துவிடுவர். வீட்டில் இது இயலாது. ஒளிபுகும் வார்னிசிற் சாயம் கலந்து பூசுவதே வழி. அடியிலுள்ள உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அச்சாயம் சாதாரண வர்ணப்பூச்சுக்கு இல்லாத ஒளிர்வைப் பெறும். ஒளிபுகாத வர்ணத்தை அப்பிவிட்டு உலோகத்தை மறைப்பவர் தகரத்தில் அல்ல, மட்டையில் வேலை செய்திருக்கலாம் என்பது எமது கருத்து.

இத்தகைய வேலை ‘இல்லக் கைவினை’ என்னும் பெயரைப் பெற்ற வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்தது. சார்ள்ஸ் கொட்பிறி லீலன்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1880களின் தொடக்கத்திற் பிலடெல்பியாவிற் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிறுகலைகளைக் கற்பித்தார். அவரது முயற்சியாற் கவரப்பட்ட எக்லன்ரைன் லூயிசா ஜெப் என்னும் அம்மையார் 1884இல் இங்கிலாந்தில் ‘இல்லக் கலைகள், கைத்தொழில்கள் சங்கத்தை’ நிறுவினார். கிராமத்துத் தொழிலாளர்க்கு மாலை வேளைகளில் மரச்செதுக்கும் தகட்டுப் புடைப்பும் கற்பிக்கும் வகுப்புகள் நாடெங்கும் எழுந்தன. உலோக வேலையில் ஆர்வலர்க்கும் பாடசாலைகளுக்குமான கைந்நூல் ஒன்றை லீலன்ட் 1894இல் வெளியிட்டார். அதே 1884ஆம் ஆண்டில், ஏரிப் பிரதேசத்துக் கெசிக் நகரில் ஹாட்விக் றோன்சிலி என்னும் குருவானவரும் அவர் மனைவி ஈடித்தும் தொடங்கிய மாலை வகுப்பே பின்னாட் கெசிக் கைத்தொழிற் கலைப் பாடசாலையாக வளர்ந்தது. குளிர்காலத்தில் வேலையற்றிருந்த உழைப்பாளருக்கு வருவாய் தேடுவது அதன் நோக்கம். உலோகப் புடைப்பைக் கற்பித்தவர் ஈடித் அம்மையார். நூறு ஆண்டுகள் நீடித்து 1984இல் அது மூடப்பட்டது. கோண்வோலிலுள்ள நியூலின் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் ஜோன் டிறூ மக்கென்சி என்னும் ஓவியர் 1890இற் செப்புத் தகட்டு வகுப்பை ஆரம்பித்தார். புயல் நாட்களிற் கடலுக்குச் செல்லவியலாத மீனவர்கள் தாம் அறிந்த மீன்களையும் நண்டுகளையும் படகுகளையும் தட்டுக்களிற் புடைத்தெடுத்தனர். நியூலின் தட்டுக்களில் மீன் மீனாகவே இருக்கின்றது என்பர். செவிளும் செதிலும் எங்கே விறைப்பாக இருக்கும் என்பதைக் கைகளால் அறிந்தவர் செய்த வேலையன்றோ.

இவ்வியக்கத்தின் பின்னணியில் றஸ்கினும் வில்லியம் மொறிசும் நின்றனர். எந்திரம் தொழிலாளியை உறுப்பாக்கிவிட்டது, கைவினை அவனை மனிதனாக மீட்கும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தைப் பரிசோதித்தவருட் சி. ஆர். ஆஷ்பீ முதன்மையானவர். 1888இற் கிழக்கு இலண்டனில் அவர் நிறுவிய கைவினைக் குழாம் தொடக்கம் முதலே தகட்டுப் புடைப்பில் ஈடுபட்டது. அதன் உலோகக் கலைஞருள் ஒருவரான ஜோன் பியர்சனே பின்பு நியூலின் மீனவர்க்குப் பயிற்சியளித்தார். 1902இற் குழாம் முழுவதும் குடும்பங்களோடு கொட்ஸ்வோல்ட் பகுதியிலுள்ள சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது, 1908இற் கலைக்கப்பட்டது.

தோல்விக்கான காரணங்களை ஆஷ்பீயே அவ்வாண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். எந்திரத்தில் மலிவாகச் செய்து கைவேலை போலத் தோற்றமளிக்கச் செய்த வணிக நிறுவனங்களின் போட்டி ஒருபுறம். மறுபுறம், எவரும் எதிர்பாராத ஒரு போட்டி: பொழுதுபோக்குக் கைவினைஞர். வசதி படைத்த வீட்டுப் பெண்ணொருத்தி ஓய்வு நேரத்திற் செய்த பொருளை மூலப்பொருளின் விலைக்கோ அதனிலும் குறைவாகவோ விற்றுவிடுகின்றாள்; அவளுக்கு அதனால் வாழவேண்டிய தேவை இல்லை. குழாத்துத் தொழிலாளர் இத்தகைய பெண்ணுக்கு ‘அருமை எமிலி’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தனர். எமிலியிடத்துக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அவளுடைய ஒவ்வொரு தட்டும் சந்தையில் ஒரு தொழிலாளியின் கூலியைக் குறைத்தது. தொழிலாளியை மீட்கவென எழுந்த இயக்கம், கைவினையை எல்லோர்க்கும் கற்பித்ததன் வாயிலாக, அத்தொழிலாளியின் காலடியிலேயே குழி பறித்தது எனலாம்.

எனினும் எமிலியின் பக்கமும் சொல்லப்படவேண்டும். ஆஷ்பீயின் குழாம் பெரும்பாலும் ஆண்களின் உலகம். பட்டறைகளிற் பயிற்சிபெறவும் கூலிபெறவும் வழியடைபட்ட பெண்கள் வீட்டு மேசையை விட்டால் வேறெங்கு உளியை எடுத்திருக்க முடியும்? கூலி கேட்கும் உரிமை மறுக்கப்பட்டவளைக் கூலியைக் குறைத்தவள் என்று குற்றஞ்சாட்டுதல் முழு நியாயமாகாது. ஆஷ்பீயின் எழுத்தில் ஏளனம் தென்படும் அளவுக்கு இவ்வுணர்வு தென்படவில்லை.

இந்த விவாதத்துக்கும் ஈழத்துக்கும் நேரடியான தொடர்பு ஒன்றுண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளியல் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றியபின் இங்கிலாந்து சென்று குடியமர்ந்தது, சிப்பிங் கம்டனை அடுத்த புறோட் கம்டனிலாகும். அங்கிருந்த பழைய நோர்மன் ஆலயத்தை அவருக்கு வீடாகப் புதுக்கிக் கொடுத்தவர் ஆஷ்பீயே. மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே, 425 பிரதிகளாக, ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலைக் குமாரசுவாமி 1908இல் அவ்வீட்டில் அச்சிட்டு முடித்தார். கண்டி நாட்டு நவந்தன்னோக் கம்மியரின் பொன், வெள்ளி, பித்தளை வேலைகள் அந்நூலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சிறிது தூரத்தில் ஆஷ்பீயின் குழாம் குலைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் இந்நூலின் தாள்கள் அச்சேறிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டில் வெளியான ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் நூலுக்கு ஆஷ்பீ முன்னுரை எழுதினார்.

கூலிச் சந்தையின் கொடுமையை அருகிருந்து கண்ட குமாரசுவாமிக்குக் கண்டிக் கம்மியனின் நிலை பாதுகாப்பானதாகத் தோன்றியமை வியப்பன்று. அக்கம்மியனுக்கு மன்னனின் மானிய நிலம் இருந்தது, தொழில் தந்தையிடமிருந்து வந்தது, போட்டியாளன் இல்லை. ஆயின் நிலத்தோடு இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவையும், சேவையோடு சாதியும் பிணைக்கப்பட்டிருந்தன. 1815இற் கண்டியரசு வீழ்ந்தபோது கம்மியன் புரவலனை இழந்தான். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாயத்திலிருந்தும் விடுபட்டான். இரண்டாவதை விடுதலையென்று கருதுபவர், குமாரசுவாமியின் நூலில் அது இழப்பின் வரலாறாகவே அமைந்திருத்தலைக் கண்டு தயங்குவர். எமது தயக்கமும் அதுவே. அவருடைய விவரணத்தின் நுண்மைக்கு ஈடில்லை. அவர் காட்டும் சமூக இணக்கத்தை அவ்வளவு எளிதாக ஏற்பதற்கில்லை.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை அடிப்படையில் வேறன்று. கோயில் வாகனங்களின் மரவுருவுக்குப் போர்த்தும் தகடும், மூர்த்திக்குச் சாத்தும் கவசமும், திருவாசியும் புடைப்பு வேலையாலானவை. தட்டாரும் கன்னாரும் இவ்வறிவைக் குடிவழியாகக் காத்தனர். காத்தமையாலேயே அது பிறருக்கு எட்டாதிருந்தது. பிறர் அதனை விரும்பவுமில்லை. எழுதுவினைஞன் வேலைக்குப் பிள்ளையை அனுப்பத் துடித்த சமூகம் சுத்தியலைத் தாழ்வாகவே நோக்கியது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தபோது, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் ஏற்பாடு என்றே பல பெற்றோர் அதனைக் கண்டனர். 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைவேலையைச் சாதியிலிருந்து பிரித்து எல்லோர்க்கும் பொதுவாக்கக் கிடைத்த ஒரு வாய்ப்பு அவ்வாறு கழிந்தது. இல்லக் கைவினையாக இன்று பரவும் தகட்டு வேலை அதே பிரிப்பை வேறொரு வழியிற் செய்கின்றது. எந்தக் குடியிற் பிறந்த பிள்ளையும் உளி பிடிக்கலாம் என்பது சிறிய பேறன்று.

ஆனால் எமிலி இங்கும் இருக்கின்றாள். இக்கட்டுரையாளர் பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக, உள்ளங்கையளவு செப்புத் தகட்டில் மயிலொன்றைப் புடைத்து, மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டு நிறமுமூட்டி, நிதிசேர் விற்பனைக்கு வைத்ததுண்டு. அதனைக் கையிலெடுத்துப் பார்த்த முதிய கம்மியர் ஒருவர் விலையைக் கேட்டார். சொன்னதும் சிரித்து, “தகட்டின்ரை விலையைச் சொல்லுறியள் மாஸ்ரர், மூண்டு நாள் கூலி எங்கை?” என்றார். மறுமொழி சொல்ல இயலவில்லை. அவர் பட்டறைத் தட்டை வாங்க வந்து, எமது மயிலைக் கண்டு, விலை ஒப்பிட்டுத் திரும்பிச் சென்றவர் எவரேனும் இருந்திருக்கக் கூடும்.

அவர் அன்று கற்பித்த மற்றொன்றையும் குறிப்பிடுதல் தகும். மயிலின் முகப்பை அவர் ஒரு கணமே நோக்கினார். தகட்டைத் திருப்பி அதன் முதுகையே நெடுநேரம் ஆராய்ந்தார். அச்சிலிட்டு எந்திரத்தால் அமுக்கிய தட்டின் முதுகு, முகப்பின் நேர்மறுபடிவமாக, எங்கும் ஒரே சீராக இருக்கும். ஆயுதத் தடங்கள் இரா. கைவேலையின் முதுகில் ஒவ்வோர் அழுத்தமும் தனித்தனியே தெரியும்: எங்கே கை தயங்கியது, எங்கே தகடு விறைக்கத் தொடங்கியது, எங்கே மெலிந்து கிழியும் தறுவாயில் நிறுத்தப்பட்டது என்பனவெல்லாம். தோகையின் அடியில், முகப்பில் எவரும் கண்டிராத ஒரு மயிரிழைக் கிழிவை மெழுகிட்டு மறைத்திருந்தோம். அவர் பெருவிரல் நேரே அங்குதான் சென்று நின்றது.